நின்றவர்களுக்குக் குடை

சங்குமுனைக் கடைத்தெருவில் முதன்முதலாக நின்றுபோனவர் டீக்கடை இசக்கிமுத்து அண்ணாச்சி. ஒரு கையைத் தலைக்கு மேலும் மறு கையை இடுப்புக்குக் கீழும் வைத்து டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், பாதி புறப்பட்ட கொட்டாவியோடு அப்படியே நின்றார். இமை நின்றது, மூச்சு நின்றதா ஓடியதா என்று யாருக்கும் தெரியவில்லை, டீ மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் தன்பாட்டுக்கு இறங்கி அவர் பாதத்தில் கொட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் அண்ணாச்சி ஏதோ யோசிக்கிறார் போல, யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் அசைந்தார், கொட்டாவியை முடித்தார், அதற்கும் பிறகுதான் "ஆத்தே!" என்று காலைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

அதே நேரத்தில் எதிர்க்கடையில் கஸ்பார், அண்ணாச்சியின் பேத்தி காதுகுத்துக்குப் பேனர் போடுவதற்காக அவருடைய பழைய படத்தைத் திறக்கப்போய், திரையில் மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்க, பொறுமையில்லாமல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். பெட்டிக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு டக். அதன்பிறகு படம் திறந்தது.

கஸ்பாரின் ஃப்ளெக்ஸ் கடையில் அந்தக் கம்ப்யூட்டர் கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் பால்நிறமாக இருந்த பெட்டி, இப்போது வெற்றிலை போடுகிறவர் பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தகடு கழன்று நாளாகிறது, அந்தத் திறப்புக்கு நேராக ஒரு மேசை ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் சுழன்றுகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் சங்குமுனை மொத்தமும் இருந்தது. ஏனென்றால் அந்த ஊரில் பிறக்கிற பிள்ளை முதலில் தாய்முகத்தைப் பார்க்கும், அடுத்ததாக ஃப்ளெக்ஸில் தன் முகத்தைப் பார்க்கும். காதுகுத்து, புதுநன்மை, சுன்னத்து, சடங்கு, கல்யாணம், கட்சிப் பதவி, துபாய்ப் பயணம், வீட்டுக்குப் பால்காய்ப்பு, கடைசியில் கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதனுக்கு நடக்கக்கூடிய எல்லாமே பேனராகி முக்கில் நின்றபிறகுதான் நடந்ததாகக் கணக்கு. அதிலும் மாப்பிள்ளை பொண்ணு பெரிதாக மேலே, 'வாழ்த்தும் நண்பர்கள்' என்று கீழே தபால்தலை அளவில் வரிசை வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்ட தலைகள். ஒரே தலை ஒன்பது கல்யாணங்களில் வாழ்த்திக்கொண்டிருக்கும். பகலெல்லாம் தலை வெட்டி ஒட்டுவதும் இரவெல்லாம் அச்சு ஓட்டுவதுமாக இருந்த கஸ்பார் எப்போது தூங்குகிறான் என்பது அவன் பெண்டாட்டி ஜெனோவாவுக்கே தெரியாது. யாரும் அவனுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டான்.

ஊரில் அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு தடவை மட்டும் இருந்தவள் ஜெனோவாதான். கடை திறந்ததும் கஸ்பார் போட்ட முதல் பேனர் அவர்களுடைய சொந்தக் கல்யாண பேனர். அப்போது அவனுக்குக் கை ஓயாத வயது. பொண்ணு முகத்தை எடுத்து இழுத்து வெளுத்து, கன்னத்து மருவை அழித்து, தாடையை ஒதுக்கி, ரோஜாப்பூ தூவி வைத்தான். மண்டப வாசலில் காரிலிருந்து இறங்கிய ஜெனோவா, மாலையும் கையுமாக அந்தப் பேனரை அண்ணாந்து பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், கஸ்பாரும் சிரித்தான். அதற்குப் பிறகு எவ்வளவு கூப்பிட்டும் அவள் எந்தக் கேமரா முன்னாலும் நின்றதில்லை. தினமும் கடைக்கு வந்து, அடித்த ஃப்ளெக்ஸ்களின் ஓரத்தில் பித்தளை வளையம் வைத்துச் சுத்தியலால் தட்டுவாள், ஊரின் முகங்கள் மேலெல்லாம் முழங்கால் வைத்து நகர்ந்துபோவாள், தன் முகத்தை மட்டும் தரமாட்டாள்.

அண்ணாச்சி காலில் டீ கொட்டிய அன்றைக்கு கஸ்பார் பெட்டியைப் பிரித்துப் போட்டான். வயரைக் கழற்றி வேறு வயர் போட்டான், மெமரிக் கட்டையை உருவிப் பள்ளிக்கூட அழிரப்பரால் பித்தளைப் பற்களைத் தேய்த்து ஊதிச் சொருகினான், பவர் சப்ளையை மாற்றினான், பிரஷ்ஷை விட்டு ஒரு கோழிக்குஞ்சு அளவுக்குத் தூசி எடுத்தான், வைரஸாக இருக்குமென்று ராத்திரி முழுக்கத் தேடவிட்டான். காலையில் மறுபடியும் அதே டக். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டிஸ்க்கின் முதுகில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். உள்ளே ஒரு ஊசி ஒரே இடத்துக்குப் போவதும், தடவுவதும், கிடைக்காமல் திரும்புவதும், மறுபடி போவதுமாக இருந்தது. சாவியைத் தொலைத்தவன் ஒரே சட்டைப்பையை ஓயாமல் தடவிப் பார்ப்பது போல அவனுக்குக் கேட்டது.

ஜெனோவா வளையம் அடிப்பதை நிறுத்திவிட்டு வந்தாள். "இங்கேருங்க, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. நீங்க யாரு படத்தைத் திறக்குதீங்களோ அவங்கதான் நிக்காங்க."

கஸ்பார் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடை ரைஹானாவின் தையலகத் திறப்புவிழா பேனரைத் திறந்தான். மணல் கடிகாரம் வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது. படம் திறந்தது. மிஷின் ஓடியது.

"மூடுங்க, மூடுங்க," என்றாள் ஜெனோவா. "ஊசிக்கிட்ட விரல வச்சிருப்பா."

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. நின்றவரைத் தொடக்கூடாது, தொட்டால் சாய்ந்துவிடுவார். அவர் கையில் இருப்பதை வாங்கக்கூடாது, திரும்பி வரும்போது தேடுவார். வெயிலில் நின்றால் குடை பிடிக்கவேண்டும். இதற்கென்றே ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு குடை தொங்கியது. ஈ மொய்த்தால் விரட்டவேண்டும். பேச்சு நடுவில் நின்றால், வந்து முடிக்கும்வரை அடுத்தவர் குறுக்கே பேசக்கூடாது. பைக் ஓட்டுகிறவர்கள் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டார்கள், நின்றால் எட்டி ஹேண்டிலைப் பிடிப்பதற்கு. பங்குச்சாமி பூசையில் அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி நின்றபோது சபை மொத்தமும் முழங்கால் வலிக்க வலிக்க அப்படியே இருந்தது, இவ்வளவு பக்தியான பூசையைத் தாங்கள் கண்டதில்லை என்று கிழவர்கள் சொன்னார்கள். சண்டை போடும்போது ஒருவர் நின்றுவிட்டால், மற்றவர் வசவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், திரும்பி வருவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். அதனால் அந்த மாதத்தில் ஊரில் சண்டைகள் குறைந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

"பெட்டிய அணைச்சுப்போட்டா என்னவே?" என்று வார்டு மெம்பர் தவசிக்கனி கேட்டார். எந்தப் பேனரிலும் வெள்ளைச் சட்டையும் கும்பிட்ட கையுமாக இருப்பவர் அவர், நேரிலும் அப்படித்தான் வருவார். அந்தச் சந்தேகத்தை மின்வாரியம் தீர்த்துவைத்தது. ஒரு மத்தியானம் கரண்டு போய், கடையின் பேட்டரியும் கைவிட்டபோது பெட்டி அணைந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கரண்டு வந்து பெட்டி தானாக எழுந்த பிறகு, வெளியூர் பஸ் கண்டக்டர் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். "ஒருத்தர் அசையல சார். ஊரே போட்டோ மாதிரி நின்னுச்சு. நாய் மட்டும் ஒவ்வொருத்தரா மோந்து பாத்துட்டுப் போச்சு," என்றார். அதிலிருந்து பெட்டியை அணைக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஜெனரேட்டர் வந்து கடை வாசலில் உட்கார்ந்தது.

நடுவில் நீலக்கோட்டு விவகாரம் ஒன்று நடந்தது. கோட்டு போட்டுப் படம் எடுக்காத மாப்பிள்ளைகளுக்கெல்லாம் கஸ்பார் ஒரே ஒரு நீலக்கோட்டு உடம்பை வைத்திருந்தான், தலையை மட்டும் மாற்றி ஒட்டுவான். அந்த உடம்பு இருந்த இடத்தில் ஊசி சிக்கிக்கொண்டபோது, சங்குமுனையில் கல்யாணமான பாதி ஆண்கள் கழுத்துக்குக் கீழே நின்றுபோனார்கள், தலை மட்டும் வேலை செய்தது. வலை இழுத்தவர்கள் இழுத்தபடி, மீன் வெட்டியவர்கள் கத்தியை ஓங்கியபடி, ஒருவர் பாதி ஏறிய மாடிப்படியில். எழுந்து போகமுடியாத புருஷன் கிடைத்ததும் பெண்கள் முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து, வருஷக்கணக்காகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் நிதானமாகச் சொன்னார்கள். அவர்களும் வேறு வழியில்லாமல் கேட்டார்கள். சிலர் பதிலும் சொன்னார்கள்.

கஸ்பாரின் கல்யாண பேனரிலும் அதே நீலக்கோட்டுதான். கீ போர்டில் விரல்கள் வைத்தபடி அவனும் நின்றுபோயிருந்தான்.

"ஜெனோ, மேல இடதுபக்க மூலையில ஒரு கட்டை தனியா இருக்கும் பாரு. அதை அமுக்கு."

அவள் அவசரப்படவில்லை. சுத்தியலைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்து, அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "அமுக்குதேன். அதுக்கு முந்தி சொல்லுங்க. ராத்திரி ஏன் வீட்டுக்கு வாரதில்ல?"

"அச்சு ஓடுதுல்லா."

"அச்சு தானா ஓடும். நீங்க எதுக்கு அது பக்கத்துல உக்காந்திருக்கீங்க?"

அவன் யோசித்தான். தலையைத் திருப்பமுடிந்ததே தவிர அங்கிருந்து போகமுடியவில்லை. "படுத்தா தூக்கம் வரமாட்டேங்கு. கண்ணை மூடினா ஒரே தலையா வருது. ஊர்த்தலையெல்லாம் வருது. வீட்டுல உன் பக்கத்துல கெடந்து முழிச்சிட்டு இருந்தா உனக்கும் தூக்கம் கெடும்."

ஜெனோவா கை நீட்டினாள். ஒரு விரலால் அந்தக் கட்டையை அமுக்கினாள்.

ஒவ்வொரு நாளும் நிற்கிற நேரம் நீண்டது. மற்றவர்கள் ஒரு கொட்டாவி அளவுக்கு நின்றார்கள் என்றால் ஜெனோவா உலை கொதிக்கிற அளவுக்கு நின்றாள். யாரும் அவள் படத்தைத் திறக்கவில்லை. ஊசி தானாக வழிதவறி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் நின்றாள். ஏனென்று கஸ்பாருக்குத் தெரியும். டிஸ்க்கின் முதல் ஓரம்தான் தேய்ந்துபோயிருந்தது, அந்த ஓரத்தில் முதன்முதலாக எழுதப்பட்டது அவர்களுடைய கல்யாண பேனர். ஒரு நாள் அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, ஒரு புது டிஸ்க்கைச் சொருகி, அவளை மட்டும் முதலில் இழுத்துப் போட்டுவிடலாம் என்று அந்தப் பேனர் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்தான். உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. குழாயடியில் குடம் உடையாமல் உருண்ட சத்தமும் கேட்டது. அவன் கையை எடுத்துவிட்டான். அவள் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

ஐஸ் யோசனை தவசிக்கனியுடையது. அவருடைய மச்சான் துபாயிலிருந்து போனில் சொன்னாராம், செத்துப்போகிற டிஸ்க்கைக் குளிரவைத்தால் கொஞ்ச காலம் ஓடுமென்று. ஐஸ் கம்பெனி உள்ள ஊரில் இதைச் செய்யாமல் விட முடியுமா? டிஸ்க்கை வயரோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, மீன் ஏற்றுமதி செய்கிற தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸை நிரப்பி நடுவில் வைத்தார்கள். அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த அந்தப் பகலில் சங்குமுனை குளிரத் தொடங்கியது. வெயில் வெயிலாகவே இருந்தது, தார்ரோடு இளகிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மனிதர்களுக்குப் பல் கிட்டித்தது, கை ரோமம் சிலிர்த்தது. சவுதியிலிருந்து வந்து பீரோவில் அப்படியே இருந்த புலிப்படம் போட்ட கம்பளிகள் வெளியே வந்தன. இசக்கிமுத்து அண்ணாச்சி சுக்குக்காப்பி போட்டு மாளவில்லை. பிள்ளைகள் வாயிலிருந்து புகை விட்டுக் காட்டினார்கள்.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் அண்ணாச்சி, கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி. "கத்திரி முடியுத வரைக்கும் ஐஸ்லயே கெடக்கட்டுமே வே."

டிஸ்க்கும் அமைதியாகத்தான் ஓடியது. ஊரே நிம்மதியாக நடந்தது. மீன் பிடித்து, மீனை ஐஸில் வைத்து வாழ்கிறவர்கள் அவர்கள், ஐஸில் வைத்தது எதுவும் கெடாது என்று நம்பினார்கள். அது மீனுக்குத்தான் பொருந்தும் என்பதை யாரும் நினைக்கவில்லை. பைக்குள் வியர்த்தது. வியர்வை முத்து முத்தாகி டிஸ்க்கின் வயிற்றில் இறங்கியது. கஸ்பார் கையை விட்டு எடுத்துத் துடைத்து, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தபோது, பழைய சத்தத்தோடு புதிதாக ஒரு அரைக்கிற சத்தமும் கேட்டது.

"இனி தள்ளிப்போட முடியாது," என்றான். "புதுசுக்கு மாத்தியே ஆகணும். எடுக்கும்போது எந்நேரமும் போயிரலாம்."

கடை வாசலில் கூட்டம் கூடியது. தவசிக்கனி கும்பிட்ட கையோடு முன்னால் வந்தார். "முதல்ல என்னை ஏத்து கஸ்பாரு. நான் உங்க எல்லாருக்காகவும் ஓடியாடுதவன்."

"ஓடியாடுதவரா?" என்றாள் ரைஹானா. "எங்க தெரு சாக்கடைக்கு ஒரு தடவ ஓடி வாங்களேன், பாப்போம்."

சிரிப்புக்கு நடுவில் கஸ்பார் சொன்னான். "யாரு முதல்லங்கிறத நான் முடிவு பண்ண முடியாது, அது முடிவு பண்ணும். நல்லா இருக்குத இடத்த முதல்ல அள்ளிரணும். தேஞ்ச இடத்துல முதல்ல கைய வச்சா ஊசி முறிஞ்சிரும், ஊசி முறிஞ்சா மொத்த ஊரும் போயிரும். அதனால தேஞ்ச இடம் கடைசி."

"தேஞ்ச இடத்துல யாரு இருக்கா?" என்று அண்ணாச்சி கேட்டார். "பழைய படம் எல்லாருக்கும் உண்டே."

"உங்களுக்கெல்லாம் வேற இடத்துலயும் இருக்கு அண்ணாச்சி. காதுகுத்துல இருக்கீங்க, கட்சிப் பேனர்ல இருக்கீங்க, ஊர்ல எவன் கல்யாணம்னாலும் கீழ வரிசையில இருக்கீங்க. ஒண்ணு போனா ஒண்ணு கைகொடுக்கும்." அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. சொல்லாமலே ஒவ்வொருவராகத் திரும்பி, ஓரத்தில் வளையம் அடித்துக்கொண்டிருந்த ஜெனோவாவைப் பார்த்தார்கள்.

ரைஹானாதான் முதலில் பேசினாள். "எக்கா, இப்பவே ஒரு போட்டோ எடுத்துப் புதுசுல போட்டுருவமே."

"நான் அந்தோணியார் தெருக்காரங்களுக்குச் செஞ்சு பாத்துட்டேன்," என்றான் கஸ்பார். "பழசு உள்ள சுத்துத வரைக்கும் புதுசு ஒட்டமாட்டேங்குது."

"அதான் சொல்லுதாருல்லா," என்றாள் ஜெனோவா, தலையை நிமிர்த்தாமல். "நான் கடைசியில வாரேன். பேசிட்டே நின்னா ஆகுமா? ஆக வேண்டியதப் பாருங்க."

வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். நிற்பது என்று ஆனபிறகு படுத்துக்கொண்டு நிற்பானேன், நாளைக்குக் கொடுக்க வேண்டிய பேனர் கிடக்கிறது என்று வாசலில் விரித்திருந்த ஃப்ளெக்ஸில் முழங்காலிட்டு வேலையைப் பார்த்தாள்.

பழைய பெட்டிக்குப் பக்கத்தில் புதுப்பெட்டி ஒன்றை வைத்து, கஸ்பார் ஏற்றத் தொடங்கினான். நாளெல்லாம் சங்குமுனை ஒரு பக்கமிருந்து நின்று நின்று அசைந்தது, கோயில் தெரு நின்று கோயில் தெரு அசைந்தது, பள்ளிவாசல் தெரு நின்று பள்ளிவாசல் தெரு அசைந்தது, உப்பளத்துக்காரர்கள் மண்வெட்டியைத் தூக்கியபடி நின்று மண்வெட்டியைப் போட்டார்கள். புதியதில் ஏறி அசைந்தவர்கள் அதன்பிறகு நிற்கவில்லை. தோளில் ஏதோ இறங்கினது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு தெருவும் கடைவாசலுக்கு வந்து கூட்டத்தோடு சேர்ந்து நின்றது. தவசிக்கனி கும்பிட்ட கையை முதன்முறையாகக் கீழே விட்டார். கஸ்பாரும் யாரோ ஒருவன் கல்யாணத்தின் கீழ்வரிசையில், கூலிங்கிளாஸோடு ஏறிக்கொண்டான். கடைசியாகத் தேய்ந்த ஓரம் மட்டும் மிஞ்சியது.

அவன் வாசலைப் பார்த்தான். ஜெனோவா சுத்தியலை ஓங்கியபடி அவனை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, "உங்க கண்ணு..." என்றாள்.

அத்தோடு நின்றாள்.

டக். டக். டக். அரைக்கிற சத்தம். விசிலடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய ஓலம். அப்புறம் டிஸ்க் சுற்றுவது நின்றது, ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கஸ்பார் தட்டிப் பார்த்தான், வயரை மாற்றிப் பார்த்தான், உள்ளங்கையில் வைத்துக் காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல ஆட்டிப் பார்த்தான். அதற்குள் ஒன்றும் இல்லை.

மற்றவர்கள் நின்றதைப் போலத்தான் ஊர் அவளையும் வைத்துக்கொண்டது, ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டது. ஐஸ் கம்பெனிக்காரர்கள் மூங்கில் நட்டுப் பந்தல் போட்டார்கள். ரைஹானா தன் மிஷினைத் தூக்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுத் தைத்தாள், பொழுது போகவேண்டுமே என்றாள், யாருக்குப் பொழுது என்று யாரும் கேட்கவில்லை. பஸ்கள் அந்த இடம் வந்ததும் ஹாரன் அடிக்காமல் போயின. டீக்கடையில் அந்தப் பாதிப் பேச்சைப் பற்றியே பேச்சு.

"கண்ணுல தூசி விழுந்திருக்குன்னு சொல்ல வந்திருக்கும்," என்றார் அண்ணாச்சி.

"உங்க கண்ணு என்ன குருடான்னு கேக்க வந்திருப்பாங்க," என்றாள் ரைஹானா. "புருஷன்கிட்ட வேற என்னத்தக் கேக்க?"

கஸ்பார் கடைக்குள்ளிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊர் முழுவதையும் அவன் காப்பாற்றிவிட்டான், ஊர் முழுவதும் அவன் முன்னால் நடமாடியது, அவன் வாசலைப் பார்க்க முடியாமல் புதுப்பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உனக்குச் சாப்பாடு வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் சாப்பிட்டான்.

நின்றவளை இப்போது படமெடுத்தால் நின்றபடியே பதிந்துபோவாள் என்று ஊர் பயந்தது. பழைய ஃப்ளெக்ஸைத் தேடலாமே என்று முதலில் சொன்னது தவசிக்கனிதான், அதை அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். பேனர் பிரிந்தாலும் ஃப்ளெக்ஸ் சாவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகும், குளியலறைக்குக் கதவாகும், வள்ளத்து என்ஜினுக்குப் போர்வையாகும், மழைக்காலத்தில் உப்புக்குவியலுக்கு மூடாகும். சங்குமுனை மொத்தமும் தன் கூரைகளைப் பிரித்துப் பார்த்தது. யார் யாரோ கல்யாணங்கள் வெளியே வந்தன, செத்துப்போனவர்கள் கோழிக்கூட்டுக்கு மேலிருந்து சிரித்தார்கள். கடைசியில் உப்பளத்துக்காரர்கள் ஒரு சுருளைத் தோளில் சுமந்து வந்தார்கள். படம் உள்பக்கமாக இருக்கும்படி குவியலைப் போர்த்தியிருந்ததால் சாயம் கொஞ்சமும் போகவில்லை. ரோஜாப்பூக்கள் நேற்றுத் தூவியது போல இருந்தன.

கஸ்பார் அதை ரோட்டில் விரித்து, நாற்காலியில் ஏறிப் படமெடுத்து, ஓடிப்போய்ப் புதியதில் ஏற்றினான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெனோவாவைப் பார்த்தது. சுத்தியல் அசையவில்லை.

மறுபடி ஏற்றினான். அசையவில்லை.

ரைஹானா ஃப்ளெக்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது அந்தக் கல்யாணத்துக்கெல்லாம் ரொம்பப் பின்னால். குனிந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. இது யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி கிட்டே வந்து கண்ணைச் சுருக்கினார். "எனக்கும் அதான் ஓடிட்டு இருக்கு. அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டவன் நான். ஆனா இந்தப் பிள்ளைய நான் பாத்ததே இல்ல."

கஸ்பார் கடையிலிருந்து இறங்கி வந்தான். பந்தலுக்குள் போய், முழங்காலிட்டு, நின்றிருந்தவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பார்த்தான். ஊரில் எல்லோர் முகத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவன் இதை அப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. வெயிலில் நின்று நின்று ஆழ்ந்துபோன நிறம். கன்னத்தில் அந்த மரு, அதிலிருந்து ஒரு முடி. நெற்றியோரம் நரைத்து வியர்வையில் ஒட்டியிருந்தது. எண்ணெய் தெறித்த பழைய தழும்பு தாடையில். சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடப்போவதில்லை என்கிற மாதிரி பாதி திறந்த வாய்.

போனை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தான்.

புதுப்பெட்டியில் அந்தப் படம் திறந்ததும் அவன் வலதுகை தானாக நகர்ந்தது. வெளிச்சத்தைக் கூட்டுகிற இடத்துக்குப் போனது, மருவை அழிக்கிற பிரஷ்ஷுக்குப் போனது. யார் முகத்தையும் வந்தபடி விட்டுப் பழகாத கை. கஸ்பார் அந்தக் கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். இடதுகையால் தடுமாறித் தடுமாறிப் பெயர் அடித்தான். ஜெனோவா. சேமிக்கிற கட்டையை அமுக்கினான்.

வாசலில் ணங் என்று சத்தம் கேட்டது. சுத்தியல் இறங்கி, பித்தளை வளையம் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"...செவந்து கெடக்கு," என்றாள் ஜெனோவா. "போய்ப் படுங்க."

பிறகுதான் சுற்றி நின்ற ஊரையும், தலைக்கு மேல் பந்தலையும், ரோட்டில் விரிந்து கிடந்த ரோஜாப்பூப் பேனரையும் பார்த்தாள். பேனரில் இருந்தவளை ஒரு கணம் பார்த்தாள். "இத எதுக்கு எடுத்தாந்தீங்க? உப்பு நனைஞ்சிரப்போவுது, கொண்டுபோய்ப் போத்துங்க," என்றாள். உப்பளத்துக்காரர்கள் மறுபேச்சில்லாமல் சுருட்டித் தூக்கிக்கொண்டார்கள்.

கஸ்பார் வெளியே வந்தான். அவள் வளையம் அடித்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸின் மிச்சமிருந்த பக்கத்தில், யாரோ ஒரு குழந்தையின் புதுநன்மை வாழ்த்துகள் மேல், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்தான். கண்ணை மூடினான். ஒரு தலையும் வரவில்லை. வாய் லேசாகப் பிளந்துகொண்டது, கை விழுந்த இடத்தில் கிடந்தது. ஜெனோவா அவனைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த மூலையில் வளையத்தை வைத்து, சுத்தியலை மெதுவாகத் தட்டினாள்.

பொழுது சாய்ந்து பந்தலுக்குக் கீழே வெயில் நுழைந்தபோது எதிரிலிருந்து பார்த்த இசக்கிமுத்து அண்ணாச்சி பதறிப்போனார். வாசலில் தொங்கிய குடையை உருவிக்கொண்டு ஓடிவந்து, கஸ்பாரின் முகத்துக்கு மேல் விரித்துப் பிடித்தார். "ஐயோ, இவன் நின்னுட்டானே! புதுப்பெட்டியும் போச்சா?"

"நிக்கல அண்ணாச்சி," என்றாள் ஜெனோவா, உதட்டில் விரல் வைத்து. "தூங்குதாரு."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். மார்பு ஏறி இறங்கியது. மெல்லிய குறட்டை கேட்டது.

"அதுக்கென்ன," என்றார். "வெயிலு வெயிலுதானே." குடையின் காம்பைப் பந்தல் மூங்கிலில் சேர்த்துக் கட்டிவிட்டு, அடிமேல் அடி வைத்து ரோட்டைக் கடந்து போனார்.